ஓரப் பாத்தியும் பச்சைக் கதவும்

1

“…குறைஞ்சிருக்குன்னு சொன்ன அதே வாயால இப்ப ஏறியிருக்குங்குது அந்தப் பொண்ணு. ஏறுறதுக்கு ஈயம் எங்கயிருந்துடா வரும்? நான் என்ன இங்க ஈயப் பட்டறையா வச்சிருக்கேன்?”

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னிடம் கேட்டது இது. இங்கே எட்டு மணி. எங்கள் கொடைக்கானல் மலைக் கிராமமான வடகவுஞ்சியில் உச்சிப் பொழுது தாண்டியிருந்தது. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வீட்டுப் பின்னால், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் பாதி அக்கா, பாதி புகை.

“சொல்லேன்டா. ஊரு ஒலகமெல்லாம் சுத்துனவன் நீதானே?”

எனக்குப் பாதிப் பதில் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரியும். அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டே புதன், வியாழன், வெள்ளி என்று வேலைக்குப் போய் வந்திருந்தேன்.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமையையும், ஒரு பச்சைக் கதவையும், அக்காவின் பூண்டுப் பாத்தியில் வேலை பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத ஆட்களையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். “இவன்கிட்ட டீ எங்கடான்னு கேட்டா தேயிலைத் தோட்டத்துலயிருந்து ஆரம்பிப்பான்” என்று அக்கா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஸ்காட்லாந்தில் ஒரு துறைமுக ஊரில் இருக்கிறோம். வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுடைய வேலைதான் எங்களைக் கொண்டுவந்தது. நான் அவளோடு வந்த சாமான். கொடைக்கானலில் பதினாறு வயதிலிருந்து பங்களாக்களுக்கும் லாட்ஜ்களுக்கும் பெயின்ட் அடித்தவன். இங்கேயும் அதே சோலிதான். பிரஷ்ஷுக்கு மொழி தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் நான்கு படிவம் நிரப்ப வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நூறு வயதுக்கு மேலான ஒரு கல் வீட்டில் வேலை. ஜன்னல் சட்டத்தில் கிரீம் நிறம் உரிந்து தொங்கியது. சுரண்டியைக் கொடுத்துக் கொஞ்சம் எடுத்ததும் அடியில் பச்சை தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடை சீசனுக்கு முன்னால் ஏரிக்கரை பங்களாக்களுக்கு நாங்கள் அடித்த அதே பச்சை. அப்படியே பாசி மாதிரி, கொஞ்சம் கறுப்பு கலந்து.

“டேவி, இது எங்க ஊர்ப் பச்சை” என்றேன் மேஸ்திரியிடம்.

டேவி ஐம்பது வயது தாண்டியவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். பையிலிருந்து, காது குடைகிற குச்சி மாதிரி ஒன்றை எடுத்தார். பழைய பெயின்டைத் தேய்ப்பதற்கு முன்னால் அதைக் கொண்டு தொட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். ஈயம் இருந்தால் குச்சி நிறம் மாறும். பச்சையில் வைத்துத் தேய்த்தார். வெற்றிலை போட்டவன் வாய் மாதிரி குச்சி சிவந்தது.

உடனே வேலை நின்றது. பிளாஸ்டிக் விரிப்பு வந்தது, முகமூடி வந்தது. டேவி எங்கள் ஐந்து பேரையும் வாசலில் நிற்க வைத்து, விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். உலர்ந்த பெயின்டைத் தேய்க்காதே. நெருப்பு காட்டிச் சுரண்டாதே. கழற்றிய கட்டையை எக்காரணம் கொண்டும் எரிக்காதே. கட்டை எரிந்து போகும், ஈயம் போகாது, பாதி புகையில் ஏறும், பாதி சாம்பலில் உட்காரும்.

“உங்களில் யாராவது எரித்திருக்கிறீர்களா?”

நான் கையைத் தூக்கினேன். சிரித்துக்கொண்டே தூக்கினேன் என்பதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “நான் நிறைய எரித்திருக்கிறேன். சாம்பலை அக்கா வீட்டுப் பூண்டுக்குப் போட்டோம். நன்றாக விளைந்தது.”

யாரும் சிரிக்கவில்லை. டேவி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: “அதைச் சாப்பிட்டார்களா?”

3

மறுநாளே என்னை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுப்பதற்கு ஒரு நிமிடம். படிவத்துக்கு அரை மணி நேரம். “கடைசியாக ஈயத்தோடு தொடர்பு ஏற்பட்ட இடம்” என்று ஒரு கட்டம். வடகவுஞ்சி என்று சொன்னேன். கணினிக்கு முன்னால் இருந்த பெண் பின்கோடு கேட்டாள். ஆறு எண்ணையும் சொன்னேன். கணினி வாங்க மாட்டேன் என்றது. இந்த நாட்டுப் பின்கோட்டில் எழுத்து இருக்க வேண்டும். நம்முடையதில் வெறும் எண்.

“வேலை இடத்து விலாசத்தையே போட்டுவிடலாமா?” என்று கேட்டாள். நல்ல பெண். கனிவாகத்தான் கேட்டாள்.

போடச் சொல்லிவிட்டேன். ஆக, நான் ஈயத்தைத் தொட்டது ஸ்காட்லாந்தில் மட்டும்தான் என்று காகிதம் சொல்கிறது. வடகவுஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பஸ் வந்தது. ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போல, எழுந்தால் எங்கேயாவது போக வேண்டும் போல.

ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அக்காவுக்கு இப்பவே போன் போடுங்க.”

“ஞாயித்துக்கிழமை எப்பவும் பேசுவோம்ல, அப்பச் சொல்றேன்.”

“ஏங்க, அங்க அக்கா மக செல்வி பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னத்த யோசிக்கப் போறீங்க?”

என்னத்தை யோசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளிநாட்டுத் தம்பி என்று அக்கா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொள்கிற தம்பி நான். ரேடியேட்டருக்கு மேலே காய்கிற சாக்ஸைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

4

கதவுக் கதை இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்குக் குளியலறை கட்டிக்கொடுப்பதாக வாக்கு. அதே சமயத்தில் கொடைக்கானல் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவுகளை எனக்குத் தெரியும். என் இருபது வயதுக்குள் மூன்று தடவை அவற்றுக்குப் பச்சை அடித்திருக்கிறேன். பழசைச் சுரண்டக்கூடப் பொறுமை இல்லாமல் மேலேயே அடிப்போம். கனத்த தேக்கு. வேறு யாரோ அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க மனம் வரவில்லை. இரண்டு வேன் வைத்து எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினேன்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். “ஏலே, ஒரு குளிக்கிற ரூமுக்கு ஒம்போது கதவா? எந்தக் கதவு வழியா உள்ள போறது, எந்தக் கதவு வழியா வெளிய வர்றது?”

நல்லதாக ஒன்றை மாட்டினோம். கறையான் அரித்ததையும் உளுத்ததையும் தோட்டத்து மூலையில் போட்டுக் கொளுத்தினேன். ஒரு பகல் முழுக்க எரிந்தது. மிச்சப் பலகைகளை அறுத்து, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் தார்பாய் போட்டு மூடி அடுக்கினேன். “மழைக்கு ஆகும்க்கா” என்றேன். ஆறிய சாம்பலை நானே கூடையில் அள்ளி ஓரப் பாத்தியில் தூவினேன். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசிப் பாத்தி அது. பூண்டு அங்கேதான் நன்றாகத் திரளும்.

எங்கள் பக்கத்தில் பூண்டுக்குச் சாம்பல் தூவுவது யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்கிற காரியமில்லை. ஈரம் நின்றால் பூண்டு அழுகும், அதற்குச் சாம்பல். புழு வந்தால் சாம்பல். அடுப்பு நிறைந்துவிட்டால் சாம்பல். அதை உரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்வோமா? அந்த மாதிரி.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

அந்த ஐப்பசியில் தேன்மொழி வந்தாள். விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். மலைப் பூண்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காக வடகவுஞ்சியில் பல தோட்டங்களில் மண் எடுத்தாள். அக்கா தோட்டத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் எடுத்தாள். கொஞ்ச நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாப் பாத்தியும் நன்றாக இருக்கிறது, ஓரப் பாத்தியில் மட்டும் ஈயம். மண்ணிலும் இருக்கிறது, பூண்டுத் தாளிலும் ஏறியிருக்கிறது. அந்தப் பாத்தியில் விளைந்ததைச் சாப்பிட வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. பழைய பேட்டரி ஏதாவது புதைந்திருக்குமோ என்று தோண்டிப் பார்த்தார்கள். ஒரு செருப்பும் இரண்டு ஸ்பூனும் கிடைத்தன.

“அந்தப் பாத்தியை எனக்குக் குடுங்கம்மா. நுண்ணுயிர் போட்டுப் பாக்குறேன்” என்றாள் தேன்மொழி.

இதையெல்லாம் அக்கா எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நடித்தே காட்டுவாள். தேன்மொழி குரல், தன் குரல், இரண்டும் அவளே.

“அது ஈயத்தத் தின்னுருமாம்மா?”

“திங்காதுங்கம்மா. ஈயம் எங்கயும் போகாது, மண்ணுலயேதான் இருக்கும். இந்தப் பாக்டீரியா அதத் தன் மேல ஒட்ட வச்சுக்கும். மண்ணுல உள்ள மணிச்சத்த, அதான் பாஸ்பரஸ, எடுத்துக் குடுத்து, ஈயத்தக் கரையாம கல்லு மாதிரி ஆக்கிரும். இன்னொண்ணு பூஞ்சை. அது வேரச் சுத்திப் படர்ந்து, ஈயத்த வேரோட நிப்பாட்டும். பூண்டுக்கு ஏற விடாது.”

“வாசல்ல நாய் படுத்துக் கெடக்குற மாதிரி.”

“ஒரு நாய் இல்லம்மா. கோடி நாய்.”

அக்காவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஓரப் பாத்தியைக் குறுக்கே கல் வரிசை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நுண்ணுயிர், மறு பாதி சும்மா. அப்போதுதான் வித்தியாசம் தெரியும். வடித்த கஞ்சியை ஆற வைத்து, தேன்மொழி தந்த கறுப்பு நுண்ணுயிர்ப் பொடியை அதில் கரைத்து, விதைப் பூண்டுப் பற்களை அதில் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தி ஊன்ற வேண்டும். சுடுகஞ்சியில் போட்டால் உயிர் போய்விடும் என்று தேன்மொழி சொன்னதால், அக்கா கஞ்சிக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தாளாம், பிள்ளைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி.

பக்கத்துத் தோட்டத்துப் பாண்டிக்கு இது போதாதா? “அருளம்மாக்கா தோட்டத்துல கோடி ஆளு வேலை பாக்குதாம்ல! கஞ்சிகூட ஊத்துறாங்களாம். ஒருத்தனாச்சும் எனக்கு ஒரு நாள் மம்பட்டி பிடிக்க வருவானா, கேட்டுச் சொல்லுங்க.”

“வருவான்டா. ஆனா ஒன்ன மாதிரி பத்து மணிக்கு எந்திரிக்கிறவன் தோட்டத்துக்கு வர மாட்டாங்களாம். வெள்ளனே எந்திரி, அனுப்புறேன்.”

முதல் அறுவடையில் தேன்மொழி சிரித்துக்கொண்டு வந்தாள். கஞ்சியில் புரட்டி ஊன்றிய பாதியில் பூண்டுக்கு ஏறிய ஈயம் குறைந்திருந்தது. சும்மா விட்ட பாதியில் அப்படியே இருந்தது. “இன்னும் சாப்பிடக் கூடாதுங்கம்மா. ஆனா வேலை செய்யுது” என்றாள். அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்த நேரம் இங்கே நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். “ஏறிக் கெடக்கியா? எறங்கு. எறங்கிட்டுக் கேளு” என்றாள். “நம்ம ஆளுங்க வேல பாத்துட்டாங்கடா!”

நம்ம ஆளுங்க. அவளுக்கு அப்படி ஆகிவிட்டது. மழை கொட்டினால், “அதுங்க எப்படிக் கெடக்குதோ” என்பாள்.

6

அக்காவின் மகள் செல்வி ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு வந்தாள். இப்போது பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் சுரக்கப் பூண்டு, வாயுவுக்குப் பூண்டு, பூண்டுக் குழம்பு, பூண்டு வேகவைத்த பால். மற்றப் பாத்திப் பூண்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும், அக்காவின் கண் ஓரப் பாத்தியில்தான் இருந்தது. இரண்டாவது அறுவடையில் தேன்மொழி சரி என்று சொல்லிவிட்டால், அந்தத் திரண்ட பூண்டைத்தான் பிள்ளை பெற்றவளுக்கு உரித்துப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் தேன்மொழி வந்தாள். சிரிக்கவில்லை. இரண்டு பாதியிலும் ஈயம் ஏறியிருக்கிறது. அதுவும் அடுப்புப் பக்கத்து முனையில் அதிகம்.

“உரம் ஏதாச்சும் போட்டீங்களாம்மா?”

“ஒண்ணும் போடல.”

“மருந்து?”

“ஒண்ணும் போடலம்மா. நீ சொன்ன கஞ்சியத் தவிர ஒண்ணுமே போடல.”

“இல்லம்மா, ஏதோ போட்டிருக்கீங்க. மண்ணுல ஈயம் சும்மா ஏறாது.”

அடுத்த திங்கட்கிழமை வந்து, நட்டு வைத்த அடையாளக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போவதாகவும், இந்தப் பாத்தியின் முடிவை நம்ப முடியாது என்று எழுதிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேல் தப்பு இல்லை. இரண்டு வருட உழைப்பு.

அக்காவுக்கு ஈயத்தைவிட இதுதான் தைத்தது. “நான் பொய் சொல்றேன்னு நெனைக்குதுடா அந்தப் பிள்ள. என் வீட்டுல சோறு தின்ன பிள்ள.” பாண்டி வேறு வேலியோரம் நின்று, “என்னக்கா, ஆளுங்க எல்லாம் லீவா?” என்று கேட்டிருக்கிறான். முதல் தடவையாக அக்கா அவனுக்குப் பதில் சொல்லவில்லையாம்.

இதை அவள் என்னிடம் போனில் சொன்னது, குச்சி சிவந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை. நான் வழக்கம் போல, “பாவம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ கணக்குத் தப்பியிருக்கும்க்கா” என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. குச்சி சிவந்தது.

அடுப்புப் பக்கத்து முனை. என் கூடை முதலில் கவிழ்ந்த முனை. ஈயம் வந்தது என்னால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட சாம்பல், ஒரு தடவை குறைந்த பிறகு, இப்போது எப்படி ஏறும்? நான்கு நாளும் ஏணியில் நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன். ஒரு சுவருக்கு இரண்டு தடவை ஒரே கோட் அடித்துவிட்டேன். டேவி பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போய் யாரிடமாவது பேசு” என்றார்.

7

என் மகள் ரூத்துக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். வடகவுஞ்சி அவளுக்கு எப்போதும் “உங்க ஊர்”. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் திரையில் தலையை நீட்டி “ஹாய் அத்தை” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். அக்கா, “ஒம் மக காத்து மாதிரி வர்றா, காத்து மாதிரி போறா” என்பாள்.

ஸ்டெல்லா அவளிடம் சொல்லியிருக்கிறாள் போல. அன்று காலை என் போனை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தவள் ரூத்துதான். அழைத்ததும் அவள்தான். அழைத்துவிட்டு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாடிக்குப் போகவில்லை.

“சொல்லேன்டா. ஊரு ஒலகமெல்லாம் சுத்துனவன் நீதானே?”

“அக்கா” என்றேன். “அந்தக் கதவெல்லாம் எரிச்சோம்ல.”

“எந்தக் கதவு?”

“பங்களாக் கதவு. பச்சைக் கதவு. அந்தப் பெயின்ட்ல ஈயம் இருந்திருக்குக்கா. அந்தக் காலத்துப் பெயின்ட். நான் எரிச்சேன், சாம்பல ஓரப் பாத்தியில நாந்தான் தூவுனேன். அந்தச் சாம்பல்லதான் ஈயம்.”

அக்கா முகத்தின் குறுக்கே புகை போனது. அவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

“சாம்பலா?” என்றாள். “சாம்பல யாருடா கேட்டா? அந்தப் பொண்ணு உரம் போட்டியா, மருந்து போட்டியான்னுதானே கேட்டுச்சு.”

“ஆமாக்கா. யாருமே கேக்கல.”

“அப்ப நான் பொய் சொல்லலல்ல?”

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நான்கு நாளாக அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

“இல்லக்கா. நீ பொய் சொல்லல. தேன்மொழிகிட்ட நானே பேசுறேன். அவ போட்டதும் வேலை செஞ்சிருக்கு. தப்பு எம்மேலதான்.”

“நீ என்னத்தடா தெரிஞ்சா செஞ்ச?” என்றாள். அடுப்பு தணிந்திருந்தது போல. பேசிக்கொண்டே குனிந்து பக்கத்திலிருந்து ஒரு கட்டையை எடுத்து உள்ளே தள்ளினாள். “இரு, தண்ணி கொதிக்கட்டும். செல்வியக் குளிப்பாட்டணும், பிள்ளையும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கு. வெரசா குளிச்சாத்தான் வெயில்ல காய முடியும், மூணு மணிக்கெல்லாம் மஞ்சு எறங்கிருது…”

“அப்பா” என்றாள் ரூத். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது என்ன கலர்?”

புகை ஒரு பக்கமாக விலகியிருந்தது. அடுப்பு வாயில் நீட்டிக்கொண்டிருந்த பலகையின் முனை பச்சையாக இருந்தது. பாசி மாதிரி, கொஞ்சம் கறுப்பு கலந்து. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அது என்ன கட்டை? அந்தக் கட்டையெல்லாம் அப்பவே தீந்துபோகலையா?”

“எப்படித் தீரும்? எம் தம்பி வாங்கிப் போட்ட தேக்கு. மழைக்குக்கூடத் தொடல நான். செல்விக்குன்னு எடுத்து வச்சேன். அவ ஏழாம் மாசம் வந்ததுலயிருந்துதான் ஒண்ணு ஒண்ணா…”

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். நான்கு நாள் ஏணியில் நின்று எனக்குக் கிடைக்காத பதில் அக்காவுக்கு அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், பாத்தியில் தூவ அள்ளி வைத்த சாம்பல் நிறைந்த இரும்புச் சட்டி இருந்தது. அதற்கு இரண்டு எட்டு தள்ளி ஓரப் பாத்தி. தேன்மொழியின் குச்சிகள் இன்னும் அதில் நின்றுகொண்டிருந்தன.

உள்ளேயிருந்து குழந்தை சிணுங்கியது. “அம்மா, தண்ணி ஆச்சா? நாங்க வரவா?” என்று செல்வியின் குரல் கேட்டது.

“வராத!” என்று அக்கா கத்தினாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “பிள்ளையத் தூக்கிக்கிட்டு முன்வாசலுக்குப் போ. கதவச் சாத்திக்கிட்டுப் போ!”

“அத்தை, கேர்ஃபுல், புகை…” என்றாள் ரூத், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மறு கையால் எரிகிற பச்சைப் பலகையை உருவி வெளியே போட்டாள். சாம்பல் சட்டியை ஓரப் பாத்தியிலிருந்து எட்டும் மட்டும் தள்ளி வைத்து, மேலே ஒரு தகரத்தைப் போட்டு மூடினாள். பிறகு, வேப்பிலை போட்டு மகளுக்கென்று காய்ச்சி வைத்திருந்த அண்டாவைப் பழந்துணியால் பிடித்துச் சாய்த்து, அவ்வளவு வெந்நீரையும் அந்தப் பலகையின் மேல் ஊற்றினாள்.